அரைப்பேர்

நமது மலைநாட்டுத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு அகராதிகளில் எளிதில் காணமுடியாத பொருளொன்று உண்டு. ஒருவர் ஒருநாள் வேலையை முழுமையாகச் செய்தார் என்று செக்ரோலில் பதிவாவதே பேர். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர். எடுக்கத் தவறினால் அரைப்பேர். “இந்த மாதம் எத்தனை பேர்?” என்று ஒரு தாய் இன்னொரு தாயிடம் கேட்டால், அவர் கேட்பது பிள்ளைகளின் தொகையை அன்று, கூலி விழுந்த நாட்களின் தொகையை. அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 18 கிலோ எடுக்கவேண்டிய மலையில் 16 கிலோ எடுத்தவளுடைய பேர் அன்று மாலை கொழுந்து மடுவத்தில் பாதியாக வெட்டப்படுகின்றது. மழை பெய்ததும், மலை முற்றிக் கிடந்ததும், அட்டை கடித்ததும் அக்கணக்கில் சேர்வதில்லை.

இச்சொல்லை நாம் இங்கே எடுத்துவைப்பது மொழியாராய்ச்சிக்காக அன்று. நானுஓயாப் புகையிரத நிலையத்தைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளிலும், நமது பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளிலும், மேல்வகுப்பு மாணவர்களிடையேயும் அடிக்கடி எழும் மூன்று விவாதங்களுக்கு இச்சொல் ஓர் உரைகல்லாக இருக்கின்றது. மரபணுப் பொறியியல் உலகைக் காக்குமா, கெடுக்குமா என்பது ஒன்று. தொழிற்சங்கங்களின் காலம் முடிந்துவிட்டதா என்பது மற்றொன்று. இணையத்தில் ஒரு பெயர் யாருக்குச் சொந்தம், முதலிற் பதிந்தவனுக்கா, அப்பெயரோடு பிறந்தவனுக்கா என்பது மூன்றாவது. படித்தவர்கள் இவற்றைத் தனித்தனி மேசைகளில் வைத்துப் பேசுகின்றனர். முதலாவது விஞ்ஞானமாம், இரண்டாவது அரசியலாம், மூன்றாவது தொழில்நுட்பமாம்! நாம் சொல்வது வேறு. மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று முகங்கள். பலருடைய உழைப்பால் உருவான மதிப்புக்குப் பெயரிட்டு அதைத் தனதாக்கிக்கொள்ளும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தார்? இதுவே அக்கேள்வி.

பெயரிலிருந்தே தொடங்குவோம். 1972இல் இந்நாடு குடியரசானபோது ‘சிலோன்’ என்ற பழம்பெயரைக் களைந்தது. தேயிலைப் பெட்டி மட்டும் அதைக் களையவில்லை. ஏனெனில், அந்நியச் சந்தையில் அப்பெயர் காசு. இலங்கைத் தேயிலைச் சபை சிங்க இலச்சினையை வர்த்தகக் குறியாகப் பல நாடுகளில் பதிந்து காத்து வருகின்றது. அதைப் பொறிக்க விரும்புவோர் கலப்பற்ற இலங்கைத் தேயிலையை, இலங்கையிலேயே பொதியிட்டு, குறித்த தரத்தில் விற்கவேண்டும். நுவரெலியா, திம்புள்ளை, ஊவா, உடப்புசல்லாவை, கண்டி, சப்பிரகமுவ, உறுகுணை என ஏழு பிரதேசங்களின் பெயர்களும் அவ்வாறே பேணப்படுகின்றன. இதில் நாம் குற்றம் காணவில்லை. வேற்று நாட்டு வணிகன் எவனோ தன் கலப்படத் தூளுக்கு நமது மலைகளின் பெயரைச் சூட்டாதபடி தடுப்பது நியாயமே. ஆனால் அந்நிபந்தனைகள் யாவும் இலையைப் பற்றியவை. இலையைக் கிள்ளிய கை என்ன கூலி பெற்றது, அக்கைக்குரியவள் உறங்கும் லயத்துக் கூரை ஒழுகுகின்றதா என்ற கேள்விகளுக்குச் சிங்கம் வாய்திறப்பதில்லை.

தனியார் சான்றிதழ்கள் இருக்கின்றனவே, அவை தொழிலாளர் நலத்தையும் பார்க்கின்றனவே என்று சில நண்பர்கள் கூறுவர். இருக்கின்றன, சில நன்மைகளும் விளைந்திருக்கலாம். ஆயினும், சான்றிதழை நாடுவது கம்பனி. செலவு செய்வது கம்பனி. அதைப் பொதியில் அச்சிட்டு விலையுயர்த்துவதும் கம்பனி. ‘இது பொய், இந்தச் சான்றிதழை எடுத்துவிடுங்கள்’ என்று சொல்லி அதனை நீக்கும் அதிகாரம் கொழுந்தெடுப்பவளுக்கு இல்லை. நீக்கும் அதிகாரம் இல்லாதவளின் பெயரால் வழங்கப்படும் நற்சான்று யாருக்கு நற்சான்று?

இனி, அதே ‘சிலோன்’ என்ற பெயர் மனிதருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதைப் பாருங்கள். இம்மண்ணில் முளைத்த செடி, முளைத்த காரணத்தாலேயே ‘சிலோன் தேயிலை’ ஆயிற்று. அதன் பாட்டன் அசாமிலிருந்தோ சீனத்திலிருந்தோ வந்தானா என்று எவரும் வினவவில்லை. அச்செடியின் அடியிலே பிறந்த குழந்தைக்கோ அந்த நியாயம் கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கு விடிவு தந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். செடிக்கு முளைத்த அன்றே கிடைத்த பெயர், அதைப் பேணியவர்களுக்கு முழுமையாய்க் கிடைக்க 55 ஆண்டுகள் சென்றன! அரைப்பேர் போடும் வழக்கம் கொழுந்து மடுவத்தோடு நின்றுவிடவில்லை. இரண்டு அரசுகளின் மேசையிலும் அது நடந்தது.

இப்போது இணையத்துக்கு வருவோம். 2012இல் அமேசான் என்ற அமெரிக்கப் பெருங்கம்பனி, தன் பெயரையே இணையத்தின் உயர்நிலை முகவரியாகப் பெறுவதற்கு விண்ணப்பித்தது. அமேசான் ஒரு நதி, ஒரு பெருங்காடு, எத்தனையோ பழங்குடிகளின் தாயகம். பிரேசிலும் பெருவும் எதிர்த்தன. நதிப் படுகையின் எட்டு நாடுகளும் கூடி எதிர்த்தன. ஏழாண்டுகள் வழக்காடிய பின்னர், 2019இல் இணையப் பெயர்களை நிருவகிக்கும் ஐகான் நிறுவனம் கம்பனியின் பக்கமே முடிவெடுத்தது. நதிக்கு வர்த்தகக் குறி இல்லை, கம்பனிக்கு உண்டு. இணையப் பெயர்த் தகராறுகளைத் தீர்ப்பதற்கென 1999இல் அந்நிறுவனம் வகுத்த விதிகளும் வர்த்தகக் குறி வைத்திருப்போரின் முறைப்பாடுகளுக்கென்றே அமைந்தவை. ஒரு சமூகம் இருநூறு ஆண்டுகளாகத் தாங்கிவந்த பெயருக்கு அவ்விதிகளில் இடமில்லை. சந்தைக்கு வந்த பெயருக்கே இடமுண்டு.

2010இல் ‘.இலங்கை’ என்று தமிழெழுத்தில் முடியும் இணைய முகவரி நமது நாட்டுக்குக் கிடைத்தது. தமிழாசிரியர்களாகிய நாம் அதற்கு மகிழ்ந்தோம், மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் ஒன்றைக் கேட்கவேண்டும். கட்டணம் செலுத்தும் எவரும் சில நிமிடங்களில் ஒரு முகவரியைப் பெறக்கூடிய இக்காலத்தில், லயத்து வீட்டுக்கு முகவரி உண்டா? ஒரு தோட்டத்தின் பெயர், ஒரு பிரிவின் பெயர். அதற்குமேல் வீட்டிலக்கமும் வீதிப்பெயரும் இல்லாத குடும்பங்கள் இன்னும் உள்ளன. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வருகின்றது. அங்கிருந்து உரியவர் கைக்குச் சேர்வது அதிர்ஷ்டம். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு நாள் கடந்தபின் கிடைத்த பிள்ளைகளைப் பற்றி மலையக ஆசிரியர் எவரைக் கேட்டாலும் சொல்வார். வையகம் முழுவதற்குமான வலையில் இடம் தேடும் பிள்ளை, தன் சொந்த மலையில் முகவரியற்றிருக்கின்றான். பெயருரிமை விவாதம் அவன் வீட்டு வாசலில் தொடங்கவேண்டும்.

அடுத்து விஞ்ஞானம். மரபணுப் பொறியியல் என்றதும் ஒரு சாரார் பேயைக் கண்டாற்போல அஞ்சுகின்றனர். மறுசாரார் தெய்வத்தைக் கண்டாற்போலத் தொழுகின்றனர். இரண்டும் ஆராயாமையின் விளைவே. நமது அயலிலேயே, நானுஓயாவுக்குக் கீழே தலவாக்கலையில், தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 1925இல் தொடங்கிய அந்நிலையம் உருவாக்கிய ஒருவழிச் செடிகளே, தொழிலாளர் ‘வி.பி.’ என்றழைக்கும் தேயிலை. தெரிந்தெடுத்த ஒரு தாய்ச்செடியின் தண்டைத் துண்டாக்கி வேர்பிடிக்கச் செய்வது அம்முறை. ஒரு செடியின் மரபணுவில் வேறோர் உயிரின் மரபணுவைச் செருகும் மரபணுப் பொறியியல் அதனின்றும் வேறானது. அப்படிச் செய்த தேயிலை இன்றுவரை உலகில் எங்கும் வர்த்தகப் பயிராகவில்லை. ஆனால் வழி திறந்துவிட்டது. 2017இல் சீன விஞ்ஞானிகள் அசாம் வகைத் தேயிலையின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தி வெளியிட்டனர். வரட்சியைத் தாங்கும் செடி, கொப்புள நோய் தாக்காத செடி, பொறி கிள்ளுவதற்கு ஏற்றவாறு ஒரே மட்டத்தில் தளிர்விடும் செடி என்பன இனிக் கற்பனைகளல்ல.

இவற்றை நாம் எதிர்க்கவேண்டுமா? விஞ்ஞானத்தை எதிர்ப்பது நமது மரபன்று. கொப்புள நோய்க்கு மருந்தடிப்பவனின் நெஞ்சில் நஞ்சு இறங்காமற் செய்யும் செடியொன்று வருமாயின் அதை வரவேற்க வேண்டியவர்கள் நாமே. நாம் கேட்பது, அச்செடிக்கு உரியவன் யார் என்பதே. 1980இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஆனந்த சக்கரவர்த்தி என்ற விஞ்ஞானி உருவாக்கிய நுண்ணுயிருக்கு ஆக்கவுரிமை வழங்கலாம் என்று தீர்த்தது. உயிரும் தனியுடைமையாகலாம் என்ற கதவு அன்று திறந்தது. அதன் பின்னர் நடந்தவற்றைப் பாருங்கள். புண்ணுக்கு மஞ்சள் பூசுவது நமது பாட்டிமார் அறிந்தது. அதற்கு 1995இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை கொடுத்தனர். இந்தியா போராடி 1997இல் அதை நீக்குவித்தது. வேப்பெண்ணெயிலிருந்து பூஞ்சண மருந்து செய்யும் முறைக்கு ஐரோப்பாவில் பெற்ற ஆக்கவுரிமை 2000இல் நீக்கப்பட்டு, 2005இல் மேன்முறையீட்டிலும் தோற்றது. மஞ்சளுக்கும் வேம்புக்கும் வழக்காட ஓர் அரசும் பல இயக்கங்களும் இருந்தன. தேயிலைச் செடியை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கவ்வாத்து வெட்டி, களை பிடுங்கி, கொழுந்து கிள்ளி அதன் குணமறிந்தவர்களின் அறிவுக்காக வழக்காட எவர் இருக்கின்றனர்?

செடியைப் பற்றிய முடிவுகள் அவர்களைக் கேளாமலே எடுக்கப்படும்போது என்ன நேரும் என்பதை அண்மையிலேயே கண்டோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. அதே நவம்பரில் தடை கைவிடப்பட்டபோதிலும் மலைகள் இளைத்துவிட்டன. 2021இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25.1 கோடி கிலோவாக வீழ்ந்தது. கொழும்பில் கையெழுத்திட்டவர்களுக்கு அது புள்ளிவிவரம். கொழுந்தெடுப்பவளுக்கு அது அரைப்பேர். செடியில் தளிர் இல்லையென்றால் எத்தனை கை இருந்தும் 18 கிலோ எப்படி நிறையும்?

மூன்றாவதாகத் தொழிற்சங்கம். “சங்கத்தால் என்ன பயன்? சந்தா வெட்டுகிறார்கள், தேர்தல் காலத்தில் வருகிறார்கள், பிறகு காணோம்” என்று தோட்டத்து இளைஞர்களே சொல்கின்றனர். இக்குறையை நாம் மறைக்கப்போவதில்லை. சங்கங்கள் பலவாய்ப் பிளந்து கிடப்பதும், அவை கட்சிகளின் வாக்குப் பெட்டிகளாய்ச் சுருங்கியதும், கொழுந்தெடுப்போர் பெண்களாயிருக்க மேடையில் அமர்வோர் ஆண்களாயிருப்பதும் உண்மை. ஆனால் கத்தி மழுங்கிவிட்டதென்றால் தீட்டவேண்டும். எறிந்துவிட்டு வெறுங்கையோடு காட்டுக்குள் போகலாகாது.

சங்கம் என்ற சொல்லே குற்றமாயிருந்த காலத்தில் கோதண்டராம நடேசையரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளரைக் கூட்டினர். 1931இல் அட்டனில் நடேசையர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானான். 1977 மே மாதத்தில் தோட்ட நிலங்கள் பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் உயிரீந்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி என்பது 1984இல் வந்தது. எந்தத் துரையின் இரக்கத்தாலும் வந்ததன்று.

அண்மைக் கதையும் அதையே கூறும். 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபா என்று சம்பள நிர்ணயச் சபை வழியாக விதிக்கப்பட்டபோது, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தினின்றும் விலகிக்கொண்டன. 2024 மேயில் 1,700 ரூபா என வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. செப்டம்பரில் 1,350 ரூபாவோடு நின்றது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், கூலியை 1,550 ரூபாவாக உயர்த்தி, அதன்மேல் 200 ரூபாவை வரவுக் கொடுப்பனவாக அரசே தரும் என்று அறிவித்தது. கம்பனியின் இலாபத்துக்காக உழைப்பவளின் கூலியில் ஒரு பகுதியைப் பொதுமக்களின் வரிப்பணம் சுமக்கின்றது என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும்.

இப்போது மிகப் பெரிய அபாயத்துக்கு வருகின்றோம். அதுவும் ஒரு பெயர்மாற்றமாகவே வருகின்றது. ‘நாட்கூலி பழைய முறை, இனி வெளியாள் உற்பத்தி முறை, வருமானப் பகிர்வு முறை’ என்று பெருந்தோட்டக் கம்பனிகள் கூறுகின்றன. சில நூறு அல்லது ஓராயிரம் செடிகளை ஒரு குடும்பத்திடம் ஒப்படைப்பார்கள். பராமரித்துக் கொழுந்தைக் கம்பனிக்கே விற்கவேண்டும். இனி அவள் தொழிலாளி அல்லள், முயற்சியாளர்! கேட்பதற்கு இனிக்கின்றது. ஆனால் தொழிலாளி என்ற பெயரோடு பிணைந்திருப்பவை எவை? சம்பள நிர்ணயச் சபை, ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கைப் பொறுப்பு நிதி, பணிக்கொடை, மகப்பேற்று நன்மை, சங்கம் சேரும் உரிமை. பெயர் நீங்கினால் இவையனைத்தும் ஆட்டங்காணும். நிலத்துக்கு உறுதி அவள் கையில் இல்லை. கொழுந்தின் விலையை அவள் நிர்ணயிப்பதில்லை. விற்கும் தொழிற்சாலையைத் தெரியும் உரிமையும் இல்லை. மழையும் நோயும் விலைவீழ்ச்சியும் மட்டும் அவளுக்குச் சொந்தமாகின்றன. நிலத்தை உறுதியோடு தாருங்கள், விற்கும் சுதந்திரத்தைத் தாருங்கள்; சிறு தோட்ட உடைமையாளராக மாற நாம் தடைசொல்லோம். நிலம் தராமல் பெயரை மட்டும் மாற்றுவது, முழுப்பேரையும் வெட்டுவதற்குக் கண்டுபிடித்த புது வழி.

நமது எழுத்தாளர்களிடமும் ஒரு வார்த்தை. 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டையொட்டி, ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதுவதா, ‘மலையகத் தமிழர்’ என்று எழுதுவதா என்ற விவாதம் சூடேறியது. ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரை நாம் முழுமனதோடு ஏற்கின்றோம். அது பிறர் சூட்டியதன்று, தாமே தெரிந்துகொண்டது. ஆயினும், மலையகம் என்று சொல்லிக்கொண்டு மலையில் ஒரு துண்டு நிலத்துக்கும் உறுதியில்லாதிருப்பதை எத்தனை கவியரங்குகளில் பாடினோம்? 7 பேர்ச்சா, 10 பேர்ச்சா என்று பேரம் பேசப்படும் வீட்டு நிலம் அந்தப் பெயரின் பாதி. நிலமற்ற பெயரும் அரைப்பேரே.

தமிழிலக்கணம் கற்றோர் அறிவர்: வினையாலணையும் பெயர் என்று ஒன்றுண்டு. கொழுந்தெடுப்பவள், கவ்வாத்து வெட்டுபவன் என வினை செய்தவரை அவ்வினையே பெயராகித் தாங்கும். நம் முன்னோரின் இலக்கணம் வினை செய்தவருக்குப் பெயரைக் கொடுத்தது. சந்தையின் இலக்கணமோ வினையை ஒருவரிடமும் பெயரை வேறொருவரிடமும் வைத்திருக்கின்றது. தொழிற்சங்கத்தின் பணி, பிரிந்து கிடக்கும் இவ்விரண்டையும் சேர்ப்பதே.

ஆகவே சங்கங்கள் கூலிக் கணக்கோடு நின்றுவிடலாகாது. சிங்க இலச்சினைக்குரிய நிபந்தனைகளில் கூலியும் குடியிருப்பும் இடம்பெற வேண்டுமென்று அவை கோரவேண்டும். அந்நிபந்தனை மீறப்பட்டால் முறையிட்டு இலச்சினையை நிறுத்திவைக்கும் உரிமை தோட்டத்துப் பெண்கள் தாமே தெரிந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு வேண்டும். பொதுப்பணத்தில் பிறக்கும் எந்தத் தேயிலை வகையும் எவருடைய தனியுடைமையும் ஆகாது என்று சட்டம் சொல்லவேண்டும். புதுச் செடியோ புதுப் பொறியோ மலைக்கு வருமுன் நாளளவை மறுபடி நிர்ணயிக்கும் பேச்சில் கொழுந்தெடுப்போர் அமரவேண்டும். ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் நிலவுறுதியும் வேண்டும். அரைப்பேர் என்ற வழக்கமே ஒழியவேண்டும். ஒருநாள் மலையேறி உழைத்தவளுக்கு ஒருநாட் கூலி முழுமையாய் உரியது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக்கூடியது என்ன? முகவரியில்லா வீடுகளைப் பிரிவு பிரிவாகக் கணக்கெடுத்துப் பிரதேச செயலகத்தின் முன் வைக்கலாம். சம்பளத் துண்டை வாசிக்கவும், சேமலாப நிதிக் கணக்கைச் சரிபார்க்கவும் தாய்மாருக்குக் கற்பிக்கலாம். முயற்சியாளர் என்று பெயரிட்டு நீட்டப்படும் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் கைநாட்டு விழுமுன் தமிழில் உரக்கப் படித்துக்காட்டலாம். இவை சிறு காரியங்கள். சங்கம் வேண்டுமா, வேண்டாமா என்று தேநீர்க் கடையில் வாதிடுவதைவிடக் கடினமானவை. அந்தக் கடையில் நம் முன் ஆவிபறக்கும் கோப்பைக்குள் யாருடைய பேர் பாதியாய்க் கரைந்திருக்கின்றது என்று கேட்டுவிட்டு, வாருங்கள், லயத்துக்குப் போவோம்.